நாச்சியாவும் அகலச் சஹனும்

உக்குவளைக்கு மேலே, கொக்கோ மரங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே கிடந்த ஒரு சின்ன ஊரில் நாச்சியா என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். யாராவது வந்து நாச்சியா வீடு எது என்று விசாரித்தால், "சட்டி நாச்சியாவா, கேள்வி நாச்சியாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஒருத்தி சட்டி விற்றவள். மற்றவள், யார் எதைச் சொன்னாலும் "ஏன் அப்பிடி?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த காலை எடுத்து வைப்பவள். இது அந்தக் கேள்வி நாச்சியாவின் கதை.

அவளுடைய வாப்பா அப்துல் ஸமத், ஊர்க் கந்தூரிகளுக்கும் கல்யாணங்களுக்கும் சோறு ஆக்கியவர். உம்மா பல்லேகமக்காரி. பல்லேகமக்காரர்கள் குரக்கன் விதைத்த காட்டுச் சேனை நிலத்தில் காவலிருந்து யானை விரட்டியவர்கள், பிடித்த பிடியை விடமாட்டார்கள் என்று தகப்பன் வழிச் சொந்தம் முணுமுணுக்கும். அந்தப் பிடி அப்படியே மகளிடம் வந்து சேர்ந்திருந்தது. பெரிய மழை விட்ட காலைகளில் ரிவர்ஸ்டன் மலை ஊருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது என்று பிள்ளைகள் கத்துவார்கள். மற்றப் பிள்ளைகள் கத்திவிட்டு விளையாடப் போனார்கள். நாச்சியா மட்டும், வந்த மலையைத் தொட்டுப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். இரத்தோட்டைச் சந்தியில் பஸ் கொண்டக்டர் ஒருவர் பிடித்து, "யார்ட மகள் நீ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பி வைத்தார். அடி வாங்கிக்கொண்டே, "அப்ப ஏன் கிட்டத் தெரிஞ்ச?" என்று கேட்டாளாம்.

வாப்பா மவுத்தான பிறகு அகப்பை, நாச்சியா நானா என்று கூப்பிடும் மூத்த மகன் ஸக்கரியாவின் கைக்குப் போனது. சமையலுக்கு ஒத்தாசையாக நாலந்தாவிலிருந்து வந்து சேர்ந்தவர் இத்ரூஸ். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. பேசச் சொன்னால் விறகு அடுக்கப் போய்விடுவார். அந்த அமைதியைப் பார்த்துத்தான் ஸக்கரியா தன் தங்கச்சியை அவருக்கு முடித்துக் கொடுத்தார். "இவளுக்குப் பதில் செல்லி ஏலாது. பதிலே செல்லாத ஆள்தான் சரி" என்றார். கல்யாணம் முடிந்து வருஷங்கள் போயின. மச்சானும் மச்சானும் ஒரே அடுப்படியில், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தே வேலை செய்தார்கள்.

கந்தூரிச் சோறு என்றால் ஆளுக்கு ஒரு கோப்பை இல்லை. வட்டமான பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே இறைச்சி வைத்து, வெள்ளைத் துணி விரித்த பாயில் வைப்பார்கள். அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்குத்தான் சஹன் என்று பெயர். ஊரில் இருந்தவை ஈயக் கலாய் பூசிய செம்புச் சஹன்கள். அப்துல் ஸமத்தின் காலத்திலிருந்து அவைதான். ஸக்கரியா அளவுப் பாத்திரம் எதையும் தொடமாட்டார். அகப்பையால் அள்ளி, ஒரு பார்வை பார்த்து, போதும் என்பார். வரிசையாக வைத்த சஹன்களைப் பார்த்தால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். "ஸக்கரியாட கண்ணு தராசு" என்று ஊரே சொல்லும். அவரும் அதை மறுத்ததில்லை.

அறுபத்துமூன்றாம் வருஷம் ஸஹாப்தீன் ஹாஜியார் தன் மகள் ஸரீனாவை அக்குறணையில் சம்பந்தம் செய்தார். ஹாஜியாருக்கு மாத்தளை டவுனில் துணிக்கடை. பள்ளிவாசல் நிர்வாகமும் அவர் கையில்தான். கல்யாணத்துக்காகக் கொழும்பிலிருந்து புதுச் சஹன்கள் இறக்கினார். பளபளவென்று அலுமினியம். பழையதைவிட அகலம், விளிம்பும் பெரிசு. கல்யாணம் முடிந்ததும் அவற்றைப் பள்ளிக்கே தானமாக வக்பு செய்வதாக முதலிலேயே சொல்லிவிட்டார். ஊரே வந்து தடவிப் பார்த்தது.

கல்யாணத்தன்று முதல் சஹனைப் போட்டுவிட்டு ஸக்கரியா கொஞ்சம் தயங்கினார். ஹாஜியார் பின்னாலேயே நின்றார்.

"என்ன ஸக்கரியா, சஹன் வெறிச்சோடிக் கெடக்குது? அக்குறணைக்காரங்க சிரிக்கவா? நல்லாப் போடுங்க."

"எனக்கும் அப்பிடித்தான் தெரியுது ஹாஜியார்" என்று ஸக்கரியா இன்னும் அள்ளினார். ஆண்கள் பக்கம் வரிசை வரிசையாகப் போனது. மாப்பிள்ளை வீட்டார், ஊரார், டவுனிலிருந்து வந்த வியாபாரிகள் எல்லோரும் உண்டு எழுந்தார்கள்.

பெண்கள் பக்கத்துக்குச் சோறு கடைசியில்தான் வரும். படிக்கம் கொண்டு வந்து கை கழுவ வைத்தார்கள். பெண்கள் ஆறு ஆறாக உட்கார்ந்தார்கள். முதல் வரிசைக்குச் சோறு வந்தது. அடுத்த வரிசைக்குப் பாதி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நாச்சியா வாசலோரம் கழுவின கையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே மாப்பிள்ளையின் உம்மா, அதே மாதிரிக் கழுவின கையோடு. அந்த அம்மா ரொம்ப நேரம் வெற்றுத் துணியைப் பார்த்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.  

ஹாஜியார் வீட்டு அவமானம் அன்று பின்னேரமே ஊர் முழுக்கத் தெரிந்தது. மறுநாள் பள்ளி முற்றத்தில் ஸக்கரியாவை விசாரித்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"இவ்வளவு பேருக்கு இவ்வளவு அரிசி எண்டு வாப்பா வெச்ச கணக்கு. அதுல ஒரு பிடி கூடக் குறையல்ல. ஆக்கினது முழுசா ஆக்கினேன். போட்டது கண் பார்த்துப் போட்டேன். பின்னுக்குச் சோத்துக் கிடாரத்தோட நிண்டது இத்ரூஸ் மட்டும்தான்."

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது. பெண்கள் சாப்பிடும் முன்னமே ஒரு கிடாரம் மாட்டு வண்டியில் ஏறிப் போனதை ஒருவர் கண்டிருந்தார். அது ஓயா ஆற்றில் கழுவப் போன வெறும் கிடாரம். ஆனால் மூடியிருந்ததாம். மூடியிருந்தால் உள்ளே சோறு இருக்கத்தானே வேண்டும்!

அடுத்த வாரம், புர்தாப் புகழ்ப்பாடல் ஓதி முடித்துச் சோறு போடும் புர்தா கந்தூரி. ஊர் முழுக்கப் பள்ளியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். ஹாஜியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், ஜமாஅத்தின் முன்னால் இத்ரூஸ் குர்ஆனில் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடுப்படிப் பக்கம் வரக் கூடாது.

இத்ரூஸ் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்காராமல் நேரே விறகைப் பிளந்தார்.

"வைக்கிறேன். என்ன இப்ப? நான் எடுக்கல்லேதானே."

"நீங்க எடுக்கல்ல எண்டு எனக்குத் தெரியும். அதுக்கு ஏன் கை வைக்கிற?"

"வெச்சா முடிஞ்சிடும்."

"முடியாது" என்றாள் நாச்சியா. "சத்தியம் செஞ்ச ஆள் எண்டு ஒங்களுக்குப் பேர் விழும். நாளைக்கு நம்மட மகளைப் பார்க்க வாரவங்க, 'யாரு, அந்தச் சத்தியம் செஞ்சவர்ட மகளா?' எண்டு கேப்பாங்க. வைக்க உட மாட்டேன்."

"அப்ப சோறு எங்க போன எண்டு கேட்டா?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். எங்க போன?"

கல்யாண வீட்டுச் சஹன்களைக் கழுவிக் கொடுக்கிற வேலை சமைத்த குடும்பத்துப் பெண்களுக்கு. பிரச்சினை வந்ததில் நாச்சியா வீட்டிலிருந்த ஒரு புதுச் சஹனை வாங்கிப்போக யாரும் வரவில்லை. அது சுவரில் சாய்ந்து மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரத்துக்குக் கூப்பனுக்குக் கிடைக்கும் பங்கீட்டு அரிசியைக் கடையில் அளந்து வாங்கி வந்தவள், கல் பொறுக்கச் சுளகைத் தேடினாள். மதினி, ஸக்கரியாவின் மனைவி, வாங்கிப் போயிருந்தாள். சரி என்று அரிசியை அந்தச் சஹனில் கொட்டினாள்.

கொட்டிப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அரிசி நடுவில் ஒரு கோழிக் குஞ்சு மாதிரிச் சுருண்டு கிடந்தது. இவ்வளவுதானா ஒரு வாரத்துக்கு? அரிசியைத் திரும்பப் பையில் அள்ளிப் போட்டாள், தலையில் முந்தானையை இழுத்துவிட்டாள், நேரே கூப்பன் கடைக்கு நடந்தாள். அங்கே அளந்து கொடுப்பவர் ஹுசைன். தூரத்துச் சொந்தம், அவளுக்கு மருமகன் முறை.

"ஹுசைன், எங்கட ஊட்டு அரிசியில எவ்வளவு வெட்டின?"

"என்ன மாமி, வந்ததும் கழுத்தைப் பிடிக்கிறீங்க?"

"அள. எல்லாருக்கும் முன்னுக்கு அள."

கடையிலிருந்த நாலைந்து பேரும் கூடினார்கள். ஹுசைன் பையை வாங்கி அளந்தார். அளவு சரியாக இருந்தது. ஒரு மணி குறையவில்லை.

"திரும்ப அள."

திரும்ப அளந்தார். அதே அளவு. பின்னால் யாரோ, "புருஷன் அள்ளின சோத்தைக் கேட்டா, பொஞ்சாதி கடைக்காரன்ட அரிசியைக் கேக்கிறா" என்றார். சிரிப்பு எழுந்தது. நாச்சியாவின் காது சுட்டது. ஆனால் அவள் நின்றாள். "என்ட பிழை ஹுசைன். மன்னிச்சுக்கோ" என்றாள், உரக்க, சிரித்தவர்களுக்கும் கேட்கும்படி. பையை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

வழியெல்லாம் அதே கேள்விதான். அளந்தது சரி. அப்ப ஏன் குறைவாகத் தெரிந்தது? வீட்டுக்கு வந்ததும் அரிசியை மறுபடி அகலச் சஹனில் கொட்டினாள். குறைவாகத்தான் இருந்தது. வாப்பாவின் பழைய செம்புச் சஹன் இரண்டு பரணில் கிடந்தன. ஒன்றை இறக்கி அதில் மாற்றிக் கொட்டினாள். அரிசி விளிம்பு வரை வந்து, வீட்டில் எப்போதும் பார்க்கிற அரிசியாக நிறைந்து நின்றது. திரும்ப அகலத்தில் கொட்டினாள். திரும்பச் சுருங்கியது.

அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்தன்று பெண்கள் பந்திக்கு முன்னால் சஹன் கழுவியபோது கண்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆண்கள் எழுந்த சஹன்களில் எத்தனை சோறு மிஞ்சிக் கிடந்தது! சஹனில் மிச்சம் வைப்பது இந்த ஊரில் வழக்கமில்லை. பணக்காரக் கல்யாணத்துப் பவுசு என்று நினைத்து, பெண்கள் அதை வழித்து மாட்டுக்குக் கொட்டினார்கள். பவுசு இல்லை. சாப்பிட ஏலாமல் வைத்த சோறு. பெண்களின் சோறு மாட்டு வாயிலல்லவா போயிருக்கிறது! அதைக் கொட்டியதும் தாங்களே.

இத்ரூஸிடம் சொன்னாள். அவர் பிளந்த விறகைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இதை ஒங்கட நானாட்ட போய்ச் செல்லுவியா? அவர் கண்ணுக்குப் பிழை எண்டு?"

"செல்ல மாட்டேன். செஞ்சு காட்ட வைப்பேன்."

ஸக்கரியாவோடு பேச்சில்லை. ஆனால் அவர் மனைவி கைறுன்னிஸாவோடு இருந்தது. அவள் வாய் நீண்டவள், மனசு குட்டை இல்லாதவள். நாச்சியா போய், "மதினி, வாப்பாட வருஷக் கத்தம் வருது. இந்த வருஷம் என்ட ஊட்ல ஓதுவோம். நானா வந்து சோறு போடணும். ஹாஜியாரையும் பள்ளி லெப்பையையும் கூப்பிடுங்க" என்றாள்.

"கத்தத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் ஈக்கே?"

"முந்தி ஓதினா வாப்பா கோவிப்பாரா?"

கைறுன்னிஸா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏதோ வெச்சிக்கித்தான் வந்தீக்கிறாய். சரி, ஒங்கட நானாவை இழுத்துக்கிட்டு வாரேன். வராட்டி அவருக்கு இன்டைக்குச் சோறில்ல."

வியாழக்கிழமை பகல் கத்தம் ஓதி முடிந்தது. ஹாஜியாரும் லெப்பையும் இன்னும் சில பெரியவர்களும் பாயில் இருந்தார்கள். ஸக்கரியா இத்ரூஸ் பக்கம் திரும்பாமல் அடுப்படிக்குப் போனார். அங்கே ஒரு செம்புச் சஹனும் ஒரு அகலச் சஹனும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது. தகப்பனின் கத்தம், சொல்ல ஒன்றுமில்லை. அகப்பையை எடுத்தார், அள்ளினார், பார்த்தார், போட்டார். இரண்டையும் தூக்கி வந்து துணியில் வைத்தார்கள்.

லெப்பை பிஸ்மி சொல்ல வாயெடுத்தார். நாச்சியா திரைக்குப் பின்னாலிருந்து, "கொஞ்சம் பொறுங்க லெப்பை" என்றாள். முந்தானையைத் தலையில் இறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நானா, ரெண்டுக்கும் ஒரே அளவா போட்டீங்க?"

"இது என்ன கேள்வி? ஆறு பேருக்கு ஒண்டு, ஆறு பேருக்கு ஒண்டு. கண் ஈக்கில்லயா உனக்கு?"

"ஹாஜியார், நீங்க பார்த்துச் செல்லுங்க."

ஹாஜியார் குனிந்து பார்த்தார். "அகலத்துல ஈக்கிறது கொஞ்சம் கொறவு மாதிரி."

"அப்ப இன்னும் கொஞ்சம் போடுங்க நானா."

ஸக்கரியா உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னுமொரு அகப்பை போட்டார். "இப்பச் சரி" என்றார் ஹாஜியார். லெப்பையும் தலையாட்டினார்.

நாச்சியா வாப்பாவின் இரண்டாவது செம்புச் சஹனை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். முதலாவதின் இரட்டைப் பிள்ளை, அதே அளவு. "இத்ரூஸ் தொட வேண்டாம். நானா, நீங்களே ஒங்கட கையால அகலத்துல ஈக்கிற சோத்தை இதுல மாத்துங்க."

ஸக்கரியா மாற்றினார். சோறு நிறைந்தது. பக்கத்துச் சஹனின் மட்டத்துக்கு வந்தது. அதைத் தாண்டிக் குவிந்தது. அகலச் சஹனில் இன்னும் சோறு இருக்கும்போதே செம்பின் விளிம்பால் வழிந்து வெள்ளைத் துணியில் விழத் தொடங்கியது.  துணியில் விழுந்த சோறு இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

"நீ என்னமோ செஞ்சீக்கிறாய்" என்றார் ஸக்கரியா. "உடு, நான் திரும்பப் போடுறேன்." எல்லாவற்றையும் கிடாரத்தில் கொட்டி, மறுபடி அள்ளினார். இந்த முறை நெற்றி வேர்த்தது. அகலத்தில் வேண்டுமென்றே குறைத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பார்த்தார், மனசு கேட்கவில்லை, ஒரு கை சேர்த்தார். மாற்றிப் பார்த்தபோது அப்பவும் வழிந்தது.

"தெரிஞ்சுக்கிட்டுப் போட்டும் ஏலாதே" என்றார். யாருக்கும் சொன்ன மாதிரி இல்லை, அகப்பைக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

"கொண்டாங்க இங்க" என்று ஹாஜியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே போட்டார். அவர் போட்டது இன்னும் அதிகமாக வழிந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து கைறுன்னிஸா, "ஹாஜியார் துணி அளக்கிறதும் இப்பிடித்தானா? நாங்களும் வாங்க வாரோம்" என்றாள். லெப்பை இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார்.

நாச்சியா சிரிக்கவில்லை. "கல்யாணத்தண்டு ஆம்புளைங்க எழும்பின சஹன்ல சோறு மிச்சம் கெடந்த. நாங்கதான் வழிச்சு மாட்டுக்குப் போட்டோம். பொம்புளைங்கட சோறு அதுதான். ஹாஜியார் போடச் சொன்னீங்க, நானா போட்டாங்க, நீங்க ஏலாம வெச்சீங்க. பின்னுக்கு நிண்டவர் என்ன செஞ்சார்?"

ஹாஜியார் தாடியைத் தடவினார்.  சோறு ஆறுகிறது என்று லெப்பைதான் பிஸ்மி சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெண்கள் ஜும்மாவுக்குப் பள்ளிக்குப் போகிற வழக்கமில்லை. நாச்சியா அடுப்பில் ஒன்றும் வைக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜும்மா விட்டு ஆட்கள் போகும் சத்தம் கேட்டது. இத்ரூஸ் வந்தார். வழக்கம்போல விறகுப் பக்கம் போகப் பார்த்தார்.

"விறகு ஓடிப்போகாது. என்ன நடந்த?"

"குர்ஆனைக் கொண்டு வந்து வெச்சாங்க. நான் எழும்பினேன். ஒங்கட நானா என்ட தோளைப் பிடிச்சு உக்கார வெச்சார்." இத்ரூஸ் ஒரு விறகைக் கையில் எடுத்தார். "'சோத்தை எடுத்தது இவரில்ல. என்ட கண்ணு. நான்தான் இவரைக் காட்டிக் குடுத்தேன், மன்னிக்கணும்' எண்டு எல்லாருக்கும் முன்னுக்குச் சென்னார்."

"ஹாஜியார்?"

"'அதுல பாதி என்ட கண்ணு' எண்டார். குர்ஆனைத் திரும்ப உள்ளுக்குக் கொண்டு போய்ட்டாங்க. யாரும் கை வைக்கல்ல."

நாச்சியா அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைத்தாள். வாசலில் ஸக்கரியா நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"கந்தூரிக்கு என்ன செய்யிற? வக்பு செஞ்ச சஹனை வேணாம் எண்டு செல்ல ஏலாது. எனக்கு அதுல போட வராது."

"வாங்க, உக்காருங்க நானா. ரெண்டு விஷயம். ஒண்டு, பொம்புளைங்கட கிடாரத்தை முதல்லேயே பிரிச்சு வைக்கணும். அதுல யாரும் அகப்பை போடக் கூடாது."

"அது எப்பிடி? எப்பவும் ஆம்புளைங்க..."

"அது இல்லாட்டி ரெண்டாவதைச் செல்ல மாட்டேன்."

ஸக்கரியா உட்கார்ந்தார். "சரி. ரெண்டாவது?"

"வாப்பாட செம்புச் சஹன் நிறையுற அளவுக்கு ஒரு இனாமல் பேசின் ஈக்கி. அதுல அள்ளி நிரப்பி, சஹன்ல கவிழ்த்துட்டு, பார்க்காம அடுத்ததுக்குப் போங்க."

"பார்க்காமலா? நானா?"

"நீங்கதான் நானா. பார்த்தா போட்டுடுவீங்க."

கந்தூரியன்று அப்படியே நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஸக்கரியாவை அந்தக் கோலத்தில் யாரும் கண்டதில்லை. பேசினைக் கவிழ்த்துவிட்டு, கல்யாணத்தில் மாப்பிள்ளை வெட்கப்படுகிற மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். இத்ரூஸ் சஹனைத் தூக்கிக்கொண்டு போவார். ஹாஜியார் ஒருமுறை வாயைத் திறந்து, "ஸக்கரியா, கொஞ்சம்..." என்று தொடங்கி, இத்ரூஸின் முகத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார்.

ஆண்களுக்குப் போன அதே நேரத்தில் பெண்கள் பக்கமும் சோறு வந்தது. அப்படி வந்தது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. நாச்சியாவும் கைறுன்னிஸாவும் இன்னும் நாலு பெண்களும் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அகலத் தட்டில், மினுங்குகிற விளிம்புக்கு நடுவே, சோறு சின்னக் கும்பமாக இருந்தது. கைறுன்னிஸா முகத்தைச் சுளித்தாள்.

"என்ன இது, பூனைக்கு வெச்ச மாதிரி? ஒங்கட நானாக்கு இப்பக் கை சுருங்கிட்டுது."

நாச்சியாவும் பார்த்தாள். அவள் கையாலேயே அளந்து பார்த்த அளவு. இருந்தும் அவள் கண்ணுக்கும் அது குறைவாகத்தான் இருந்தது. இன்னுமொரு அகப்பை கேட்கலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் நாக்கை உள்ளே வைத்துக்கொண்டாள்.

"பிஸ்மி செல்லிக் கை வைங்க மதினி. சாப்பிட்டுட்டு ஏசுங்க."

எல்லோரும் சாப்பிட்டார்கள். படிக்கம் வந்தபோது சஹனின் நடுவில் ஒரு பிடிச் சோறு கிடந்தது. நீ எடு, நான் எடு என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். கடைசியில் கைறுன்னிஸா பெருமூச்சு விட்டு, அதை உருட்டி வாயில் போட்டு, "இனி ஏலாது" என்று முந்தானையைத் தளர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.